தாலின் கோபுரத்தைச் சம்பந்திக்குக் காட்டும் முன்

அன்பு மகள் கயல்விழிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் மாமனாரும் மாமியாரும் அடுத்த மாதம் எஸ்தோனியத் தலைநகரான தாலினுக்கு வரவிருப்பதைச் சம்பந்தியே தொலைபேசியில் சொன்னார். நகரமன்றச் சதுக்கத்தையும் தேவாலயங்களையும் நீயே காட்டிவிடுவாய். ஆனால் கீக் இன் டே கோக் கோபுரத்தின் முன்னால் நின்று படம் மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாதே.

நகர மதிலில் இன்று எஞ்சியிருக்கும் இருபது கோபுரங்களுக்கு மேற்பட்டவற்றில், கட்டட வேலையிலேயே காலம் கழித்த என்னை அதிகம் நிற்கவைத்தது அதுதான். மதிலின் தொடக்க காலத்தில் அம்புக்கு அஞ்சினால் போதும். 1475ஆம் ஆண்டுவாக்கில் இதைக் கட்டத் தொடங்கியபோது பீரங்கி வந்துவிட்டிருந்தது. அதனால்தான் சுண்ணாம்புக்கல் சுவருக்கு நான்கு மீட்டர் தடிமனும், தொலைவிலேயே பகைவரைக் கண்டு சுடுவதற்கு 38 மீட்டர் உயரமும் கொடுத்தார்கள். வட்ட வடிவமும் அழகுக்காக மட்டுமன்று: வளைந்த சுவரில் சாய்வாக வந்து படும் குண்டு வழுக்கிவிடும், பகைவர் மறைவாக ஒதுங்கி நிற்க மூலையும் இராது.

வெளிச்சுவரைச் சம்பந்திக்கு நிதானமாகக் காட்டு. 1577இல் ரஷ்ய அரசன் நான்காம் இவானின் படை, அப்போது சுவீடனின் கையில் இருந்த இந்நகரை முற்றுகையிட்டு, கோபுரத்தின் மேல்தளங்களில் பெரிய ஓட்டையே போட்டது. நகரம் மட்டும் வீழவில்லை. அக்காலத்துக் குண்டுகள் இன்னமும் கல்லுக்குள் பதிந்து, உருண்டைகளாக வெளியே தெரிகின்றன. பூசி மறைக்காமல் விட்டுவைத்தவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். நம் ஒப்பந்தக்காரர்கள் கையில் கிடைத்திருந்தால் ஒரே நாளில் சிமெண்ட் அடித்திருப்பார்கள்.

பீரங்கிகள் மேலும் வலுத்தபோது உயரமே கோபுரத்துக்குப் பாதகமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் சுவீடன்காரர்கள் அதன் முன்னால் மண்ணைக் குவித்துக் கொத்தளங்கள் எழுப்பியதில் கோபுரத்தின் கீழ்த்தளங்கள் மறைந்துபோயின. ஆகவே வெளியே நின்று பார்க்கையில் முழு உயரமும் தெரியாது. கொத்தளங்களுக்கு அடியில் ஓடும் சுரங்கவழிகள், இரண்டாம் உலகப்போரில் மக்கள் குண்டுவீச்சுக்குப் பதுங்கும் இடமாகப் பயன்பட்டன. அங்கே கோடையிலும் குளிர் அடிக்கும், சம்பந்தியம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் எடுத்துப் போ. கோபுரத்தின் கற்படிகள் குறுகலும் செங்குத்துமானவை. முழங்கால் வலிக்காரரான அவர்களை உச்சிவரை ஏறச் சொல்லி வற்புறுத்தாதே.

அன்புடன்,
அப்பா