குறியீடு கட்டாருக்குப் போகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

கல்முனையில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். கணினியில் மின்னஞ்சல் பார்க்கும் செயலிகளான தண்டர்பேர்ட்டிலோ அவுட்லுக்கிலோ மின்னஞ்சல் போட்டுத் தரச் சொல்லி வருபவர்கள் பலருக்கு ஒரே சிக்கல்தான். கணக்கு அவர்களுடையது, அதில் பதிந்திருக்கும் போன் இலக்கம் வெளிநாட்டிலிருக்கும் பிள்ளையுடையது.

அண்மையில் மருதமுனையிலிருந்து கைத்தறிச் சாறன் நெய்விக்கும் காக்கா ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். கொழும்பு ஓடர்கள் எல்லாம் அவருக்கு ஜிமெயிலில்தான் வருகின்றன. தண்டர்பேர்ட்டில் முகவரியை அடித்ததும் கூகுளின் சாளரம் திறந்தது. பாஸ்வேர்டை அப்பியாசக் கொப்பியின் பின்மட்டையில் எழுதி வைத்திருந்தார், அதுவும் சரி. அடுத்ததாகக் கேட்ட குறியீடு மகனின் கட்டார் போனுக்குப் போய்விட்டது. "அவன் டியூட்டியில நிக்கிறான் தம்பி, போனை லொக்கருக்குள்ள வச்சிட்டுத்தான் போவான்" என்றார். பின்னேரம் மகன் எடுக்கும்வரை வேலை அப்படியே கிடந்தது.

"முந்தி பாஸ்வேர்ட் அடிச்சாப் போதும்தானே?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். தனிப்பட்ட கணக்குகளுக்கு அந்த வழியைக் கூகுள் 2022 மே 30 இல் அடைக்கத் தொடங்கியது. ஹொட்மெயில், அவுட்லுக் முகவரிகளுக்கு மைக்ரோசொப்ட் 2024 செப்டெம்பர் 16 இல் மூடியது. இதில் எனக்குக் குறையில்லை. இப்போது தண்டர்பேர்ட்டிடம் பாஸ்வேர்ட் தங்குவதில்லை, ஓர் அனுமதி மட்டுமே தங்குகிறது. மடிக்கணினி களவுபோனால் அந்த அனுமதியை மட்டும் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். ஒருமுறை உள்ளே போனால் ஒவ்வொரு நாளும் குறியீடு கேட்காது. மின்னஞ்சல் சேவையகத்தின் எண்கள் தாமாகவே நிரம்பிவிடும், அவற்றோடு மல்லுக்கட்டத் தேவையில்லை.

அவுட்லுக் 2010, 2013 வைத்திருப்பவர்கள் பாடுதான் கஷ்டம். அவற்றில் கூகுளின் சாளரம் திறக்காது. ஜிமெயிலுக்கு இருபடிச் சரிபார்ப்பை (பாஸ்வேர்டோடு குறியீடு போன்ற இன்னொன்றையும் கேட்பது) போட்டு, கணக்கின் பாஸ்வேர்டுக்குப் பதிலாக அவுட்லுக்கில் அடிக்க 16 எழுத்துச் செயலி பாஸ்வேர்ட் ஒன்றை எடுக்க வேண்டும். பிறகு கணக்கின் பாஸ்வேர்டை மாற்றினால் அது செத்துவிடும். ஹொட்மெயிலுக்கு இந்த வழியும் இல்லை. பழசைக் கட்டிக்கொண்டு அழாமல், காசு செலவில்லாத தண்டர்பேர்ட்டுக்கு மாறுங்கள் என்றே சொல்கிறேன்.

பிள்ளை லீவில் வரும்போது கணக்கில் பதிந்திருக்கும் இலக்கத்தை எடுத்துவிட்டு உங்கள் போன் இலக்கத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். கூகுள் தரும் 10 மாற்றுக் குறியீடுகளையும் அச்செடுத்து, காணி உறுதி வைத்திருக்கும் இடத்தில் வையுங்கள். போன் கைவசம் இல்லாத நேரத்தில் அவற்றில் ஒன்றை அடிக்கலாம், ஒவ்வொன்றையும் ஒருதரம் மட்டுமே பாவிக்கலாம்.

இன்னொன்று. வேலை சுலபமாகட்டும் என்று கடைக்காரர் சிலர் தங்கள் இலக்கத்தையே போட்டுவிடுகிறார்கள். இது வீட்டுச் சாவியைக் கடைக்காரரிடம் விட்டுவிட்டு வருவது போன்றது. என் கடை உட்பட எந்தக் கடையானாலும், எழும்ப முன் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். மீட்பு இலக்கம், இருபடிச் சரிபார்ப்பு இலக்கம் இரண்டும் உங்களுடையவைதானா என்று பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கள்.

கணினி திருத்துநர்,
கல்முனை.