கிரெடிட் இல்லாத அனாடமி வகுப்பு: கட்டணத்தைத் திருப்பித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்: அமெரிக்காவில் ஐசியு நர்ஸாகப் பணிபுரியும் உங்கள் மாணவி
பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: அனாடமி (உடற்கூறியல்) மறுபயிற்சி வகுப்பில் சொன்னது ஒன்று, தந்தது வேறொன்று.

ஐயா / அம்மா,

வணக்கம். மயக்க மருந்து கொடுக்கும் அனஸ்தீசியா நர்ஸ் (சிஆர்என்ஏ) படிப்புக்கு விண்ணப்பிப்பதற்காகத்தான் உங்கள் தமிழ்வழி இணைய வகுப்பில் சேர்ந்தேன். பிஎஸ்சி நர்சிங், இங்குள்ள ஆர்என் (பதிவுபெற்ற நர்ஸ்) உரிமம், ஐசியு அனுபவம் எல்லாம் என்னிடம் இருக்கின்றன. தடையாக இருந்தது பழைய அனாடமி மதிப்பெண்தான். அறிவியல் பாடங்களைக் கடந்த 5 அல்லது 10 வருடங்களுக்குள் படித்திருக்க வேண்டும் என்று இங்கே பல கல்லூரிகள் கேட்கின்றன.

பணம் கட்டுவதற்கு முன்பே உங்கள் ஆலோசகரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டேன். படித்த பாடத்தைக் கல்லூரிக் கணக்கில் சேர்க்கும் கிரெடிட் கிடைக்குமா, லேப் உண்டா, மதிப்பெண்ணோடு டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரி தரும் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல்) வருமா? "எல்லாம் உண்டு மேடம்" என்றார். அந்த உரையாடலை இத்துடன் இணைத்திருக்கிறேன்.

கடைசியில் வந்தது தொடர்கல்வி மணிநேரச் சான்றிதழ். உரிமம் புதுப்பிக்க வேண்டுமானால் அது உதவலாம். நான் விண்ணப்பிக்க இருந்த கல்லூரியோ, அங்கீகாரம் பெற்ற கல்லூரியின் டிரான்ஸ்கிரிப்ட் இருந்தால்தான் ஏற்போம் என்று சொல்லிவிட்டது. லேப் என்று நீங்கள் காட்டியவை சில வீடியோக்கள் மட்டுமே.

சரி, பாடமாவது உதவியதா? பாதத்து எலும்புகளின் பெயர்களுக்கு ஒரு முழு வகுப்பு போனது. மூச்சுப்பாதை ஒரே ஸ்லைடில் முடிந்துவிட்டது. மயக்கம் கொடுக்கப் போகிறவருக்கு அதுதானே உயிர்நாடி? மூச்சுக்குழாயில் டியூப் போட முடியாத அவசரத்தில் கழுத்தில் துளையிடும் கிரிகோதைராய்டு சவ்வு எங்கே இருக்கிறது என்றுகூடத் தொட்டுக் காட்டவில்லை. கையை மரத்துப்போகச் செய்ய ஊசி போடும் பிரேக்கியல் பிளெக்சஸ் என்ற நரம்புப் பின்னல், கழுத்தின் சி5 முதல் மார்பின் டி1 வரையிலான நரம்பு வேர்களிலிருந்து வருகிறது. அதற்கு ஒரு படம்கூட இல்லை. பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக எல்1, எல்2 எனப்படும் இடுப்பு முள்ளெலும்புகளின் அளவிலேயே முடிந்துவிடுகிறது. அதனால்தான் ஸ்பைனல் ஊசியை அதற்குக் கீழே போடுகிறார்கள். இதைக்கூட வகுப்பில் சொல்லவில்லை. இதயம் பற்றிய பாடத்தை எடுத்த ஆசிரியை மட்டும் அருமையாக நடத்தினார், அவர்மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

இங்கே அனஸ்தீசியா நர்ஸ் படிப்பில் 2022 முதல் சேருபவர்கள் எல்லோரும் முனைவர் பட்ட நிலையில்தான் சேர வேண்டும். குறைந்தது 36 மாதங்கள், அதுவும் முழுநேர வேலையை விட்டுவிட்டுப் படிப்பது. அதற்காகக் குடும்பமே சேர்ந்து பணம் சேமிக்கிறது. பல கல்லூரிகளில் வருடத்துக்கு ஒரு முறைதான் சேர்க்கை. உங்கள் ஒரு வார்த்தையை நம்பி ஒரு சேர்க்கை எனக்குத் தவறிப்போனது. அப்புறம் அதே பாடத்தை இங்குள்ள ஒரு சமுதாயக் கல்லூரியில், லேபோடு, மறுபடி பணம் கட்டிப் படிக்க வேண்டியிருக்கிறது.

எனவே முழுக் கட்டணத்தையும் 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். "சிஆர்என்ஏ விண்ணப்பத்துக்கு ஏற்றது" என்ற வரியை விளம்பரத்திலிருந்து எடுத்துவிடுங்கள். இப்போது படித்துக்கொண்டிருக்கும் நர்ஸ்களுக்கு, இதில் கல்லூரி கிரெடிட் இல்லை என்பதை அடுத்த விண்ணப்பக் காலம் தொடங்குவதற்குள் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால், தவறான விளம்பரம் என்று நுகர்வோர் ஆணையத்தில் முறையிடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி

இணைப்பு: கட்டண ரசீது, வாட்ஸ்அப் உரையாடல், சான்றிதழ் நகல்