அந்த ‘ஜூனியர்’ எங்கே போனது? பாட்டுச் செயலி நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

நீங்கள் ஒரே கம்பெனி இல்லை, பல பேர் என்று தெரியும். ஆனால் பாட்டில் வாத்தியம் வாசித்தவர்களின் பெயரைக் காட்டுகிற இந்த ஒரு விஷயத்தில் எல்லோரும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறீர்கள், அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதுகிறேன்.

போன வாரம் ராத்திரி சாப்பிட்டு முடித்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு ‘டோன்ட் ஹோல்ட் பேக்’ என்ற பழைய பாட்டைப் போட்டேன். 1978-இல் வந்தது, சான்சன் என்ற குழுவினுடையது. பிரெஞ்சில் சான்சன் என்றால் பாட்டு என்றே அர்த்தம். குழு என்று பெயரே தவிர அதன் நடுவில் இருந்தவர்கள் இரண்டு பேர்தான்: கிட்டாருக்கு டேவிட் வில்லியம்ஸ், பாட்டுக்கு அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்களை வாசிக்கிற பேஸ் கிட்டாருக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் ஜூனியர். அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 21-ஆம் இடம் வரைக்கும் ஏறிய பாட்டு. ஜூனியருக்கு அப்போது இருபத்தொரு வயது இருக்கும். பாட்டு முடிந்ததும், இவர் வேறு எதிலெல்லாம் வாசித்திருக்கிறார் என்று பார்க்கலாமே என்று பெயரைத் தட்டினேன். செயலி என்னை அவருடைய அப்பாவின் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அப்பாவின் படம், அப்பா பிறந்த ஊர், அப்பா வாசித்த பாட்டுகள், அதற்கு நடுவே மகன் வாசித்தது ஒன்றிரண்டு. 2016-இல் இறந்துபோன ஒருவர், 1983-இல் இறந்துபோன இன்னொருவருக்குள் கரைந்து கிடந்தார்.

எனக்கு இது சின்னப் பிழையாகத் தெரியவில்லை. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

அப்பா ஜேம்ஸ் ஜேமர்சன் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவர்களும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். தென் கரோலினாவில் எடிஸ்டோ தீவில் 1936-இல் பிறந்தவர். சின்ன வயதில் ஒரு குச்சியில் ரப்பர் வளையத்தை இழுத்துக் கட்டி, குச்சியை எறும்புப் புற்றில் செருகி, வளையத்தைச் சுண்டிச் சுண்டி எறும்புகளை ஆடவைப்பாராம். 1954-இல் டெட்ராய்ட்டுக்கு வந்தார், பள்ளிக்கூடத்தில் ஆள் உயரத்துக்கு இருக்கும் டபுள் பேஸைக் கற்றுக்கொண்டார், 1959 வாக்கில் மோடவுன் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்கு வாசிக்கப் போனார். வெஸ்ட் கிராண்ட் பூல்வார்டில் 2648 என்று கதவு எண் போட்ட சாதாரண வீடு அது. உள்ளே இருந்த ஒலிப்பதிவு அறையை வாத்தியக்காரர்கள் பாம்புக்குழி என்று சொல்வார்கள், கூரையிலிருந்து கேபிள்கள் அப்படித் தொங்குமாம். 60-களில் அங்கிருந்து வந்த பெரிய பாட்டுகளில் பெரும்பாலானவற்றின் அடியில் ஓடுவது இவர் வாசிப்புதான்.

வாசித்தது வலது கை ஆள்காட்டி விரல் ஒன்றால் மட்டும். மற்றவர்கள் இரண்டு விரலை மாற்றி மாற்றிப் போடும் இடத்திலெல்லாம் இவர் அந்த ஒற்றை விரலையே வைத்துச் சமாளித்தார், அதற்குக் கொக்கி என்று பட்டப்பெயரே உண்டு. வாத்தியம் 1962-ஆம் வருடத்து ஃபெண்டர் பிரிசிஷன் பேஸ் என்ற மின்சார பேஸ் கிட்டார், அதில் லா பெல்லா கம்பெனியின் தடிமனான கம்பி, அதுவும் அறுந்தால் தவிர மாற்றமாட்டார். கம்பிகள் வந்து முடிகிற பிரிட்ஜின் மூடிக்கு அடியில் ஒரு துண்டு ஃபோம் இருக்கும், அதனால் சத்தம் இழுபடாமல் ‘தொம்’ என்று விழுந்து அடங்கும். நான் வாரக் கடைசிகளில் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசிக்கிறவன். ஒருநாள் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைக் கத்தரித்துக் கம்பிக்கு அடியில் வைத்து, ஒரே விரலால் அவர் பாட்டு ஒன்றை முழுசாக வாசித்துப் பார்த்தேன். சத்தம் கொஞ்சம் பக்கத்தில் வந்தது. மூன்றாவது நிமிடம் முன்கை கட்டையாக இறுகிவிட்டது, அதற்கு மேல் முடியவில்லை. அவரோ பகலில் அந்தக் குழியில் வாசித்துவிட்டு ராத்திரி கிளப்புக்குப் போய் ஜாஸ் வாசிப்பார்.

இத்தனைக்கும் அந்த வருடங்களில் வந்த இசைத்தட்டுகளின் உறையில் அவர் பெயர் கிடையாது. பாடியவர், எழுதியவர், தயாரித்தவர் எல்லோரும் இருப்பார்கள், வாசித்தவர் இருக்கமாட்டார். பெயர் முறையாக ஏறியது 1971-இல், மோடவுன் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தட்டில்தான், ஈடு இணையற்ற என்ற அடைமொழியோடு. அந்தத் தலைப்புப் பாட்டுப் பதிவான அன்று, ஒரு கிளப்பில் வாசித்துக்கொண்டிருந்தவரை மார்வின் கே தேடிப்போய்க் கூட்டிவந்தார் என்றும், ஸ்டூலில் உட்கார முடியாத அளவுக்குக் குடித்திருந்ததால் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டே வாசித்தார் என்றும் சொல்வார்கள். அந்தப் பாட்டின் பேஸைத் தனியாகக் கேட்டுப்பாருங்கள், படுத்துக்கொண்டு வாசித்தது என்று நம்பவே முடியாது.

அப்புறம் மோடவுன் லாஸ் ஏஞ்சலிஸுக்குப் போய்விட்டது, இவரும் பின்னாலேயே போனார். அங்கே புதுச் சத்தம் கேட்டார்கள், பளிச்சென்று அடிக்கும் புதுக் கம்பியைக் கேட்டார்கள், இவர் பழைய கம்பியை விடவில்லை. குடி ஒரு பக்கம். வேலை குறைந்துகொண்டே வந்தது. 1983-இல் மோடவுனின் 25 வருடக் கொண்டாட்டம் பசடேனாவில் பிரமாதமாக நடந்தது, டிவியில் காட்டினார்கள். இவருக்கு அழைப்பு இல்லை. டிக்கெட் எடுத்துப் பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தார் என்கிறார்கள். அதே வருடம் ஆகஸ்ட் 2-ஆம் தேதி இறந்தார். வயது 47. பெரிய இசைக்காரர்களைக் கௌரவிக்கிற ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவரைச் சேர்த்தது 2000-இல், பக்கவாத்தியக்காரர்களுக்கென்று முதன்முதலாக ஒரு பிரிவு வைத்தபோது.

சரி, மகனுக்கு வருகிறேன். இந்த மடல் அவருக்காகத்தான்.

1957-இல் பிறந்தவர். அப்பா மோடவுனில் நுழையும்போது இவருக்கு இரண்டு வயது, அப்பாவின் பெயர் முதன்முதலாகத் தட்டின் உறையில் வரும்போது பதின்மூன்று பதினான்கு. அதாவது விவரம் தெரிந்த நாளிலிருந்து, ரேடியோவில் ஓடும் பாட்டில் இருப்பது தன் அப்பா என்று வீட்டுக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது என்ற நிலைமையில் வளர்ந்த பையன். அவர் டிரம்ஸ் எடுத்திருக்கலாம், பியானோ எடுத்திருக்கலாம், இசையே வேண்டாம் என்றுகூடப் போயிருக்கலாம். எடுத்தது பேஸ் கிட்டார். பெயரும் அதே பெயர். மிருதங்க வித்வான் வீட்டுப் பையன் முதல் தடவை மேடை ஏறும்போது முன்வரிசையில் இருக்கிறவர்கள் எப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள் என்று நமக்குத் தெரியும். அப்பா சொல் இங்கே விழுகிறதா, அப்பா மாதிரி நிறுத்துகிறானா என்று பார்த்துக்கொண்டே இருப்பார்கள், அவன் தன் பாட்டுக்கு ஒன்றை நன்றாக வாசித்தால்கூட அது கணக்கில் வராது. இவருக்கு முன்னால் இருந்ததோ உலகத்தில் பேஸ் வாசிக்கிறவர்கள் முக்கால்வாசிப் பேர் குருவாக நினைக்கும் ஆள்.

அந்தக் காலக்கணக்கை யோசிக்கும்போதுதான் எனக்கு மனசு என்னவோ செய்கிறது. லாஸ் ஏஞ்சலிஸில் அப்பாவைக் கூப்பிடுகிறவர்கள் குறைந்துகொண்டிருந்த அதே 70-களின் கடைசியில்தான் மகனுடைய பாட்டு ஏறியது, அதுவும் அப்பா ஒத்துக்கொள்ளாத அந்தப் புதுக் காலத்து டிஸ்கோ நடையில். வீட்டுக்குள் என்ன பேசிக்கொண்டார்களோ, அது அவர்கள் இரண்டு பேருக்குள் இருக்கட்டும். நான் சொல்வது கேட்டதை வைத்துத்தான்: அந்தப் பாட்டில் இருப்பது அப்பாவின் நகல் இல்லை. அப்பா பாடகரைச் சுற்றிச் சுற்றி வருவார், எதிர்பார்க்காத இடத்தில் ஒரு சுரத்தை எடுத்துவைத்துவிட்டுப் போவார். மகன் இங்கே டிரம்ஸோடு தோளோடு தோள் உரசிக்கொண்டு, ஆடுகிறவர்களின் காலுக்காக வாசிக்கிறார். கூடவே டேவிட் வில்லியம்ஸின் கிட்டார் கத்தரித்துக் கத்தரித்து விழுகிறது, அதே வில்லியம்ஸ்தான் பிறகு மைக்கேல் ஜாக்சனின் ‘பில்லி ஜீன்’ பாட்டில் வாசித்தவர். அப்பா வாத்தியத்தை எடுத்துக்கொண்டு தனக்கென்று ஒரு நடை நடந்த பையன் என்றுதான் நான் அவரைச் சொல்வேன்.

சான்சனுக்கு அப்புறம் அவரும் அப்பா மாதிரியே மற்றவர்கள் தட்டுகளுக்கு வாசித்தார். 1986-இல் வந்த அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் ‘நாக்ட் அவுட் லோடட்’ தட்டில் வாசித்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் உண்டு, ‘ஜூனியர்’ என்ற சொல்லோடு சேர்த்தே. முதுகெலும்பு மூட்டுகளை இறுக்கி நிமிரவும் குனியவும் விடாமல் செய்யும் வாத நோய் அவருக்கு இருந்தது. பேஸ் வாசிக்கிறவனுக்கு அது என்ன கொடுமை என்று எனக்குத் தெரியும். ஒரு பிரிசிஷன் பேஸ் நாலு கிலோவை ஒட்டி வரும், இடது தோளில் வாரைப் போட்டுத் தொங்கவிட்டு இரண்டரை மணி நேரக் கச்சேரி நின்றாலே எனக்கு அடுத்த நாள் கழுத்து திரும்பாது. 2016 மார்ச்சில், 58 வயதில் இறந்தார். அப்பாவைவிடப் பதினோரு வருடம் கூடுதலாக வாழ்ந்தார்.

இப்போது உங்களிடம் வருகிறேன்.

அப்பாவின் பெயர் தட்டில் வராமல் போனதற்கு அன்றைக்கு ஒரு சாக்காவது இருந்தது, உறையில் இடம் இல்லை, வழக்கம் இல்லை என்று. உங்களுக்கு அந்தச் சாக்கும் இல்லை. திரையில் கீழே தள்ளத் தள்ளப் போய்க்கொண்டே இருக்கிறது. பாட்டின் வரியைக் காட்டுகிறீர்கள், அடுத்து எதைக் கேட்கலாம் என்று நாற்பது பாட்டைக் காட்டுகிறீர்கள், வாசித்தவர் பெயர் மட்டும் மூன்று புள்ளிக்குள் போய்த் தேடினாலும் பாதிப் பாட்டுக்கு இல்லை. எங்கள் ஊர்ப்பக்கம் கோயில் கச்சேரி நோட்டீஸில்கூட வயலின் யார், மிருதங்கம் யார், கடம் யார் என்று போடுவார்கள். ரேடியோவிலும் பாடுகிறவர் பெயரோடு பக்கவாத்தியக்காரர்களின் பெயரையும் சொல்லித்தான் பழக்கம். (சினிமாப் பாட்டுக்கு மட்டும் அந்த மரியாதை அநேகமாக இல்லை, அதைப் பற்றி எழுத இன்னொரு மடல் வேண்டும்.)

ஒரே பெயர் இரண்டு பேருக்கு இருந்தால் என்ன செய்வது என்று கேட்கலாம். அதற்குத்தான் ஐ.எஸ்.என்.ஐ என்று 16 இலக்க எண் ஒன்று இருக்கிறது, பெயர் ஒன்றாக இருந்தாலும் ஆளுக்கு ஒரு எண். அதைப் பாட்டோடு சேர்த்து வாங்கிக்கொண்டால் அப்பாவும் மகனும் குழம்பவே மாட்டார்கள். உங்களுக்குப் பாட்டை அனுப்புகிற கம்பெனிகள் விவரம் தருவதில்லை என்று நீங்கள் சொல்லலாம், அவர்களில் பல பேர் தருவதில்லைதான். ஆனால் அட்டைப்படம் சரியான அளவில் இல்லை என்றால் பாட்டையே திருப்பி அனுப்புகிற நீங்கள், வாசித்தவர் பெயர் இல்லாததற்காக எதையும் திருப்பி அனுப்பியதாகத் தெரியவில்லை.

இதில் காசும் இருக்கிறது. அமெரிக்கச் சட்டப்படி இணைய வானொலியில் பாட்டு ஓடினால் வரும் உரிமைத்தொகையில் நூற்றுக்கு ஐந்து, பின்னால் வாசித்தவர்களுக்கும் கூடப் பாடியவர்களுக்கும் சேர வேண்டும். யார் வாசித்தார் என்று எங்கேயும் எழுதியிராத பாட்டுக்கு அந்தப் பங்கை யார் வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள்? பெயர் தப்பான ஆளிடம் போனால் பணமும் அங்கேயே போய் நிற்கும்.

ஆகவே நான் கேட்பது இரண்டு. பாட்டின் பக்கத்திலேயே, பாடியவர் பெயருக்குக் கீழே, தேடாமல் கண்ணில் படுகிற மாதிரி வாசித்தவர்கள் பெயரைப் போடுங்கள். பிழை என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு மனிதரைக்கொண்டு பதில் எழுதவையுங்கள். நான் பயன்படுத்துகிற செயலியின் திருத்தப் படிவத்தை மூன்று தடவை நிரப்பி அனுப்பிவிட்டேன், மூன்று தடவையும் நன்றி என்று ஒரே வரிதான் வந்தது, பக்கம் அப்படியே இருக்கிறது. இன்று காலை நான்காவது தடவை அனுப்பினேன். ‘உங்கள் கோரிக்கை என்ன’ என்ற பெட்டியில் இப்படி எழுதியிருக்கிறேன்: டோன்ட் ஹோல்ட் பேக், 1978, பேஸ் கிட்டார் ஜேம்ஸ் ஜேமர்சன் ஜூனியர், பிறப்பு 1957, இறப்பு 2016, இவர் வேறு ஆள், தயவுசெய்து தனிப் பக்கம் கொடுக்கவும்.

அன்புடன்,
ஒரு பேஸ் கிட்டார்க்காரன்