கரி பொறுக்கித் தந்த ஆயாவுக்கும், கூட நின்ற எல்லாருக்கும்

நேற்று சாயங்காலம் வைவா முடிந்தது. கரியால் சாயத் தண்ணீரைத் தெளியவைக்கும் என் ப்ராஜெக்ட்டை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இந்த ஒரு மாதம் நான் பட்ட பாடு உங்களுக்கெல்லாம் தெரியும், அதைத் திரும்ப எழுதவில்லை. கை நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. அது அடங்குவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும்.

முதல் நன்றி, பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனை இஸ்திரி வண்டி ஆயாவுக்கு. மூன்றாவது தடவையும் ரீடிங் கோணலாக வந்த அன்று, அரைக் கிலோ கரி கேட்டு அவரிடம் போய் நின்றேன். "இன்னாத்துக்குமா?" என்றார். சாயத் தண்ணீரைத் தெளியவைக்க என்றேன். என் பையிலிருந்த பழைய கரியில் ஒரு துண்டை எடுத்து இன்னொன்றின் மேல் தட்டினார். 'டொக்' என்றது.

"இது வேகாத கரிமா. உள்ள இன்னும் கட்டையாவே கீது. பொகையும், துணி பாழாப்பூடும்."

அப்புறம் தன் மூட்டையைக் கவிழ்த்தார். ஒவ்வொரு துண்டாகத் தட்டி, 'கிணிங்' என்று ஒலித்ததை மட்டும் தனியாக வைத்தார். முக்கால் மணி நேரம். இஸ்திரிப் பெட்டி அதுபாட்டுக்கு ஆறிக்கொண்டிருந்தது. காசும் வாங்கவில்லை.

என் தப்பு அங்கேதான் இருந்தது. அரைவேக்காட்டுக் கரியும் நன்றாக வெந்ததும் கலந்திருந்தால், கரிக்குள் இருக்கும் நுண்ணிய துளைகள் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரி உண்டாகும். ஆயாவின் கரியைப் பொடித்துச் சலித்து, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் ஊறவைத்து, மூடிபோட்ட மூசையில் 700 டிகிரியில் சுட்டு, காரம் போகக் கழுவினேன். மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயக் கரைசலில் போட்டுக் குலுக்கி வடிகட்டினால், கீழே இறங்கியதில் நீலமே இல்லை! நன்றாகத் தயாரான கார்பன் ஒரு கிராமுக்குள் சுமார் 1,000 சதுர மீட்டர் பரப்பு இருக்கும், நம்ம ஊர்க் கணக்கில் நாலரை கிரவுண்டு. சாயம் அந்தத் துளைகளின் சுவர்களில்தான் போய் ஒட்டிக்கொள்கிறது. அதைப் புத்தகத்தில் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன், அன்றுதான் நம்பினேன்.

லீவு நாளிலும் லேபைத் திறந்துவிட்ட அண்ணன், பழகிப் பார்க்க மெத்திலீன் புளூ மீன் மருந்தைக் கடனாகக் கொடுத்த கொளத்தூர் வண்ணமீன் கடைக்காரர், ராத்திரி வீடுவரை துணைக்கு வந்த தோழிகள், கரி படிந்த சுடிதாரைத் தினமும் துவைத்துப்போட்ட அம்மா, எல்லாருக்கும் நன்றி.

வைவா முடிந்த கையோடு ஆயாவிடம் ஓடினேன். "இந்தக் கரியப் போட்டா நம்ம பம்புத் தண்ணி உப்பு பூடுமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்ல மனசே வரவில்லை. ஆனால் அவரிடம் பொய் சொல்ல முடியாது. நிறத்தையும் நாற்றத்தையும் பெரும்பாலும் பிடிக்கும், உப்பைப் பிடிக்காது, கிருமியையும் கொல்லாது என்றேன்.

"சரி, நாத்தமாவது போவட்டும்."

இந்த மாதமே அந்தப் பம்புத் தண்ணீரில் செய்து பார்க்கப் போகிறேன். வண்டிக்கு அடியில் ஒரு பை கரி எனக்காக இப்போதே கட்டி வைத்திருக்கிறார்.