படிவத்தை மூடிவைத்துவிட்டு அவரிடமே கேளுங்கள்

முதியோர் பராமரிப்பு இல்லங்களின் நிர்வாகிகளுக்கும், அங்கு வந்து பார்க்கும் மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

ஒருவரை இல்லத்தில் சேர்க்கும் நாளில் பிள்ளைகளிடம் நீட்டப்படும் தாள்களில், கட்டண ஒப்பந்தத்துக்கும் உடைமைப் பட்டியலுக்கும் நடுவே, இதயம் நின்றுபோனால் மீட்கும் முயற்சி வேண்டுமா என்று கேட்கும் படிவமும் இருக்கிறது. பெட்டியைக் கீழே வைத்த கையோடு அதிலும் கையெழுத்து வாங்கி, முன்கூட்டிய பராமரிப்புத் திட்டம் (பின்னாளில் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்ற விருப்பங்களின் பதிவு) உள்ளது என்று பதிவேட்டில் குறித்துவிடுகிறோம். இரவுப் பணியில் இருக்கும் செவிலியர் என்ற முறையில் சொல்கிறேன்: நள்ளிரவில் காய்ச்சலும் மூச்சிரைப்புமாக ஒருவர் தவிக்கும்போது, அவரை மருத்துவமனைக்கு அனுப்புவதா, இங்கேயே வைத்துப் பார்ப்பதா என்பதற்கு அந்தத் தாளில் விடை இருப்பதில்லை.

கையெழுத்து வாங்கப்பட்டபோது, யாரைப் பற்றிய முடிவோ அவரும் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். மறதிநோய் (டிமென்ஷியா) என்று கோப்பில் எழுதியிருந்ததால் அவரை யாரும் கேட்கவில்லை. முடிவெடுக்கும் திறனை நோயின் பெயரையோ ஞாபகச் சோதனையின் மதிப்பெண்ணையோ மட்டும் வைத்து அளக்க முடியாது என்பது மருத்துவர்களாகிய உங்களுக்குத் தெரியாததன்று. சொல்வதைப் புரிந்துகொள்கிறாரா, அது தமக்கே நேர்வது என்று உணர்கிறாரா, நன்மை தீமைகளை ஒப்பிட முடிகிறதா, விருப்பத்தைத் தெரிவிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு முடிவுக்கும் தனித்தனியே பார்க்க வேண்டும். சிகிச்சைகளை எடைபோட முடியாதவர்கூட, தமக்காக யார் பேச வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லக்கூடும். மாலையில் குழம்புகிறவர் காலையில் நிதானமாகப் பேசுவார். காதுகேட்கும் கருவி மேசை இழுப்பறையில் கிடக்க, கேட்ட கேள்விக்குப் பதில் வரவில்லை என்று எழுதிவைத்த குறிப்புகளையும் நான் பார்த்திருக்கிறேன்.

குடும்பத்தாரிடம் நாம் சொல்லாமல் விடுவது இன்னும் பெரிய குறை. மறதிநோய் உயிரைப் பறிக்கும் நோய் என்பதையே பலர் அறியாதிருக்கிறார்கள். பராமரிப்பு இல்லங்களில் முற்றிய மறதிநோயுடன் இருந்த 323 பேரை 18 மாதங்கள் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், அந்தக் காலத்துக்குள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்துபோனார்கள். 86 சதவீதத்தினருக்கு உண்பதில் சிக்கலும், 41 சதவீதத்தினருக்கு நிமோனியாவும் வந்தன. நோயின் போக்கையும் வரக்கூடிய சிக்கல்களையும் புரிந்துகொண்ட உறவினர்கள் முடிவெடுத்த இடங்களில், வாழ்வின் கடைசி மூன்று மாதங்களில் வேதனை தரும் சிகிச்சைகள் மிகவும் குறைவாக இருந்தன என்பதுதான் அந்த ஆய்வில் எனக்கு முக்கியமாகப் படுவது.

உணவு விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டியைக் கண்டதும் வாயை இறுக மூடி முகத்தைத் திருப்பிக்கொள்ளும் அம்மாவைப் பார்க்கும் மகள், உணவு செலுத்தும் குழாய் வைக்காவிட்டால் பட்டினி போட்டுவிடுவோம் என்று அஞ்சுவது இயல்பு. முற்றிய நிலையில் குழாய்வழி உணவு ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. குழாயைப் பிடுங்காதிருக்கக் கைகளைக் கட்டும் கொடுமைதான் சில இடங்களில் நடக்கிறது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் குழாயைப் பரிந்துரைக்காமல், விரும்பிய அளவுக்குப் பொறுமையாகக் கையால் ஊட்டுவதையே பரிந்துரைக்கிறது. இதை முதல் சிக்கல் வருவதற்கு முன்பே, சாவகாசமாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். அவசரத்தில் தொலைபேசியில் சொன்னால் அது மிரட்டலாகவே கேட்கும்.

முன்பு எழுதிவைத்தது ஒன்றாகவும், இன்று அவர் முகம் காட்டுவது வேறாகவும் இருக்கும் நேரங்கள் உண்டு. எந்தச் சிகிச்சையும் வேண்டாம் என்று எழுதியவர், இன்று பாட்டுக்குத் தலையசைத்து நிம்மதியாக இருக்கலாம். இதற்குச் சுலபமான விடை இல்லை; நாட்டின் சட்டம் சொல்வதற்கு உட்பட்டு, தினமும் குளிப்பாட்டி உடுத்திவிடும் பணியாளரையும் அந்தப் பேச்சில் உட்கார வைக்க வேண்டும் என்பது என் கருத்து. அவர் கவனித்திருப்பது எந்தக் கோப்பிலும் இருக்காது.

ஆகவே, சேர்க்கும் நாளில், சேர்க்கப்படுபவருக்காகப் பேசப்போகிறவரின் பெயரை மட்டும் கேளுங்கள். சில வாரங்களில் அவர் இல்லத்துக்குப் பழகியபின், உறவினரையும் வைத்துக்கொண்டு முதல் உரையாடலை நடத்துங்கள். மருத்துவமனைக்குப் போய்வந்தாலோ எடை குறைந்தாலோ மறுபடி பேசுங்கள். முடிவான குறிப்பின் நகல் ஆம்புலன்ஸில் அவருடனேயே போகட்டும். இதற்கான நேரத்தை மருந்து கொடுக்கும் நேரத்தைப் போலப் பணி அட்டவணையிலேயே ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
இரவுப் பணியில் உள்ள ஒரு செவிலியர்