ஒரே கட்டுரைக்கு நாலும் எட்டும்

ஆசிரியருக்கு,

உயர்நிலைப் பள்ளிகளுக்குப் புதிய மொழித்திறன் தரநிலைகளும் எழுத்துத் தேர்வும் வருவது பற்றிப் படித்தேன். வரட்டும், சந்தோஷம். ஆனால் சுற்றறிக்கை போனதும் பிள்ளைகள் எழுதத் தொடங்கிவிடுவார்கள் என்று நினைப்பதுதான் இடிக்கிறது.

அமெரிக்காவில் 2010-இல் வெளியான ‘காமன் கோர்’ தரநிலைகள், வாசிப்பும் எழுத்தும் வரலாறு, அறிவியல் பாடங்களுக்கும் உண்டு என்றன. சரியான யோசனை. சோதனையில் கண்டதைக் காரணத்தோடு நாலு வரி எழுதப் பழக்க வேண்டியவர் அறிவியல் ஆசிரியர்தான். எல்லாவற்றையும் மொழி ஆசிரியர் தலையில் கட்ட முடியாது.

நான் வேலை பார்த்த பள்ளியில் ஒருமுறை ஒரே கட்டுரையை ஆறு பேர் திருத்தினோம். பத்துக்கு ஒருவர் 4 போட்டார், இன்னொருவர் 8. ஒருவர் எழுத்துப்பிழையை எண்ணியிருந்தார், மற்றவர் வாதத்தைப் பார்த்திருந்தார். (இருவருமே கெட்டிக்காரர்கள்தான்!) அப்புறம் விடைத்தாள்களை மேசையில் பரப்பி, எதற்கு எவ்வளவு என்று உட்கார்ந்து பேசித்தான் ஒரு வழிக்கு வந்தோம். அதற்கே இரண்டு மதியங்கள் போயின.

பள்ளிகளுக்கு இப்போது வேண்டியது அந்த இரண்டு மதியங்கள்தான். பிள்ளைகளுக்கோ, திருத்திய கட்டுரையைத் திரும்ப எழுத ஒரு பாடவேளை. புதிய கால அட்டவணையில் இவற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்களா?

— ஓய்வுபெற்ற மொழி ஆசிரியர்