லேத் வாங்கப் போகிற நண்பனுக்கு

அன்புள்ள வெங்கட்,

உன் கடிதம் வந்தது. சின்னவளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் சந்தோஷம். ஒண்டாரியோவில் இன்னும் பனி விடவில்லை. சாயங்காலமானால் கராஜுக்குள் போய்விடுகிறேன்.

மரம் கடைகிற மெஷின் வாங்கலாம் என்றிருக்கிறாய், மேசைமேல் வைக்கிற சின்ன லேத் போதுமா என்று கேட்டிருக்கிறாய். கிண்ணம் கடைய அது போதாதுடா. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். 11 அங்குலப் பச்சை மேப்பிள் கட்டையை மாட்டி சுவிட்சைப் போட்டேன். அதன் குறைந்தபட்ச வேகமே நிமிடத்துக்கு 750 சுற்று. மேசையே நகர ஆரம்பித்துவிட்டது. அணைத்துவிட்டுப் பார்த்தால், தரையில் கிடந்த மரத்தூளில் மேசைக்கால் இழுத்த கோடு ஒரு சாண் நீளம்.

அம்பாசமுத்திரத்தில் மரச் செப்புச் சாமான் கடைவதை நின்று நின்று பார்ப்போமே, அது சின்ன உருண்டைக் கட்டை, நேராகச் சுழலும். கிண்ணக் கட்டையில் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் லேசு. ஒவ்வொரு சுற்றிலும் நாரின் போக்கு வேறு இரண்டு தடவை மாறும், உளி முட்டிக்கொண்டே இருக்கும். அதைத் தாங்க இரும்பு கனமாக இருக்க வேண்டும். விட்டத்தை அங்குலத்தில் எடுத்து வேகத்தால் பெருக்கினால் 6000-இலிருந்து 9000-க்குள் வரவேண்டும் என்பது கடைசல்காரர்கள் கணக்கு. 16 அங்குலத்துக்கு 375 முதல் 560 சுற்று. இன்னும் வட்டமாகக் கடையாத கட்டைக்கு அதைவிடக் குறைவாகத் தொடங்கு. அந்த மெதுவான வேகத்திலும் மோட்டார் திணறக் கூடாது. பெல்ட்டை மெதுவேகப் புல்லிக்கு மாற்ற வசதி இருக்கிறதா என்று பார், இழுவை அங்கேதான் கிடைக்கும்.

என்னைக் கேட்டால் பவர்மேட்டிக் கம்பெனியின் 3520 லேத்தை வாங்கு. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 அங்குல விட்டம் சுழலும், இரு முனைகளுக்கு நடுவே 35 அங்குலம். எடை 300 கிலோவுக்கு மேல். கட்டையைச் சுழற்றுகிற தலைப்பகுதியை (ஹெட்ஸ்டாக்) கடைசிவரை தள்ளிவிட்டு, லேத்தின் நீள அடிச்சட்டத்தின்மேல் குனியாமல் கிண்ணத்துக்கு நேரே நின்று உட்புறம் குடையலாம். நம் வயசில் முதுகுக்கு இது பெரிய விஷயம். ஒன்வே 2436 இன்னும் பெரியது, அருமையான மெஷின், ஆனால் உனக்கு அவ்வளவு தேவைப்படாது. நீளத்துக்காகக் காசைக் கொட்டாதே.

பழையது கிடைத்தால், இரண்டு பக்கக் கூர்முனைகளையும் ஒட்ட வைத்துப் பார். நேருக்கு நேர் தொடவில்லை என்றால் விட்டுவிடு. இவ்வளவு பெரிய மெஷினுக்குக் கராஜில் 220 வோல்ட் லைன் இழுக்க எலக்ட்ரீஷியனிடம் இப்போதே சொல்லிவை.

வெட்டி வைத்திருக்கிற கட்டைகளின் முனைகளில் இன்றைக்கே மெழுகு பூசு. இல்லாவிட்டால் மெஷின் வருவதற்குள் வெடித்துவிடும்.

அன்புடன்,
சேகர்